ரெண்டு பெட்டி இருந்தும் கோயில் கேமரா ஏன் அணைஞ்சது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. இந்த வருஷத் திருவிழா வேலை தொடங்குறதுக்கு முன்னாடி எழுதிடணும்னு ரொம்ப நாளா மனசுல கிடந்துச்சு. ஆலயத் தொண்டர்கள், சி.சி.டி.வி. வேலை பார்க்கிற தம்பிமார்கள், நிர்வாகத்துல இருக்கிற பெரியவங்க எல்லாரும் பொறுமையா படிங்க. எந்தக் கோயில்னு பேர் போடல. தப்பு கோயிலோடது இல்ல, என்னோடது.

எங்களோடது தோட்டத்துக் கோயில். சுங்கை பட்டாணி பக்கம். தோட்டத்தை வித்து, லயத்தை இடிச்சு, தாமான் கட்டினப்ப கோயிலுக்குன்னு ஒரு சின்ன நிலம் ஒதுக்கிக் கொடுத்தாங்க. அங்க இருந்த சனம் பினாங்கு, கிள்ளான், ஜொகூர்னு சிதறிப் போச்சு. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை, தீமிதிக்கு மட்டும், எல்லாரும் வந்துடுவாங்க. வர முடியாதவங்க போன்ல நேரலை பார்ப்பாங்க. அதுக்காகத்தான் கேமரா, இண்டர்நெட், இந்த சுவிட்ச் எல்லாம் கோயிலுக்குள்ள வந்துச்சு.

போன வருஷம் தீமிதி ராத்திரி, கிள்ளான்ல இருந்து வந்த ஒரு பாட்டி காணாமப் போயிட்டாங்க. வயசு 80-ஐ நெருங்குது. கொஞ்ச நாளா ஞாபக மறதி. மக தண்ணி வாங்கப் போன நேரத்துல எழுந்து நடந்துட்டாங்க. அந்த மக அழுதுகிட்டே ஆபீஸுக்கு வந்து, "அண்ணே, கேமராவுல பாருங்க, எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரிஞ்சா போதும்"னு கேட்டாங்க.

16 கேமரா. ஒன்னுல கூட படம் இல்ல. எல்லாம் கறுப்பு.

நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி, இந்த சுவிட்ச் என்னன்னு சொல்லிடறேன். லைட் போடுற சுவிட்ச் இல்ல. கேமரா, கம்ப்யூட்டர், அர்ச்சனை டிக்கெட் அடிக்கிற பிரிண்டர், இண்டர்நெட் மோடம், இது எல்லாத்தோட கேபிளும் வந்து சேருற பெட்டி. ஒன்னுக்கொன்னு பேசணும்னா அந்தப் பெட்டி வழியாத்தான் பேசணும். எங்க பெட்டி கேபிள் வழியாவே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கும். அதனால பெட்டி செத்தா கேமராவும் செத்துடும்.

நான் ஐ.டி. படிச்சவன் இல்ல. எஸ்.பி.எம். முடிச்சிட்டு கம்பெனிக்குப் போனவன். கூலிம் ஹைடெக் பார்க் 1996-ல திறந்தாங்க. அதுக்கப்புறம் எங்க வயசுக்காரங்க பாதிப் பேருக்கு வாழ்க்கை அங்கதான். இப்ப புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். எங்க லைன்ல ஒவ்வொரு லாட்டையும் ஸ்கேன் பண்ணாத்தான் அடுத்த மெஷினுக்குப் போகும். நெட்வொர்க் நின்னா லைன் நிக்கும். சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு நைட் ஷிப்ட்ல, விடிகாலை 3 மணிக்கு, எங்க பக்கத்து கேபினட்ல ஒரு சுவிட்ச் எரிஞ்சு போச்சு. வாசனையே வந்துச்சு. நான் பதறி ஐ.டி.க்குப் போன் போட்டேன். அந்த மலாய்த் தம்பி அமைதியா, "லைன் ஓடுதா பாங்?"னு கேட்டான். ஓடுது. "அப்ப காலையில வந்து மாத்துறேன்"னு வெச்சிட்டான்.

எனக்கு ஆச்சரியம். ஒரு பெட்டி செத்தும் லைன் எப்படி ஓடுது? காலையில அவனைப் பிடிச்சு உட்கார வெச்சு பசியாற வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். அவன் சொன்னதுதான் ஸ்டேக். அதாவது அடுக்கு.

நம்ம தோட்டத்துப் பாஷையில சொன்னா சுலபம். ரெண்டு மூனு சுவிட்சை ஒன்னு மேல ஒன்னு வெச்சு, பின்னாடி தனிக் கேபிள் போட்டு வளையமாக் கட்டுறது. ஒன்னுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து மூனு, மூனுல இருந்து திரும்ப ஒன்னு. வெளியில இருந்து பார்த்தா எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டி, ஒரே விலாசம், ஒரே கன்ஃபிகரேஷன். வளையத்துல ஒரு கேபிள் அறுந்தா தகவல் மறுபக்கமா சுத்திப் போயிடும். சிஸ்கோ கம்பெனி 2003-ல கேட்டலிஸ்ட் 3750-ன்னு ஒரு மாடல்ல இதைக் கொண்டு வந்துச்சு, 9 பெட்டி வரைக்கும் அடுக்கலாம். இன்னிக்கு பல கம்பெனி வேற வேற பேர்ல இதே மாதிரி செய்யுது.

அடுக்குக்குள்ள ஒரு பெட்டி தலைவர், இன்னொன்னு துணை. கரண்ட் வந்ததும் பெட்டிங்க எல்லாம் விடிகாலைப் பெரட்டு மாதிரி ஒன்னுகூடி, யார் மண்டோர்னு முடிவு பண்ணும். சிஸ்கோ முறையில ஒவ்வொரு பெட்டிக்கும் 1-ல இருந்து 15 வரைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்கலாம். பெரிய எண் யாருக்கோ அவர் தலைவர். நாம ஒன்னுமே கொடுக்கலன்னா எல்லாருக்கும் 1 தான். அப்ப எந்தப் பெட்டியோட மேக் நம்பர் சின்னதோ அது தலைவராயிடும். மேக் நம்பர் கம்பெனியிலேயே பதிச்சு வர்றது. பழைய பெட்டிக்குத்தான் அனேகமா சின்ன நம்பர் இருக்கும். அதாவது, நாம தேர்ந்தெடுக்கலன்னா, இருக்கிறதுலேயே பழசு தலைவராகிற வாய்ப்பு அதிகம். சிரிக்காதீங்க, நான் நிர்வாகத்தைப் பத்திச் சொல்லல.

தலைவர் செத்தா துணை எழுந்து நிக்கும். பழைய தலைவர் ரிப்பேர் ஆகித் திரும்பி வந்தா, வேலை நடுவுல பதவியைப் பிடுங்காது. சாதாரண உறுப்பினராச் சேர்ந்து நிக்கும். எம்.சி. போட்டுட்டு வந்த மண்டோர், பாதி வேலையில வந்து பேர் பட்டியலைப் பிடுங்கினா எப்படி இருக்கும்? அந்தக் குழப்பம் வேணாம்னுதான்.

இதையெல்லாம் கேட்டதும் எனக்குக் கோயில் ஞாபகம் வந்துச்சு. ஒரு நல்ல மனசுக்காரர் உபயத்துல, அடுக்கக்கூடிய ரெண்டு பழைய 24 போர்ட் சுவிட்ச் கிடைச்சுச்சு. பிராண்ட் பேர் வேணாம், பெட்டி மேல குறை இல்ல. ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்து, நானே கட்டினேன். பச்சை லைட் எரிஞ்சுச்சு. கூட்டத்துல பெருமையாச் சொன்னேன்: "இனிமே ஒன்னு போனாலும் இன்னொன்னு தாங்கும்."

கம்பெனித் தம்பிகிட்டயும் போட்டோ காட்டினேன். அவன் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "பாங், டா டெஸ்ட் கா பெலும்?" டெஸ்ட் பண்ணீங்களா இல்லையான்னு. "எல்லாம் பச்சையா எரியுது, அப்புறம் என்ன டெஸ்ட்?"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்ப தீமிதி ராத்திரிக்கு வருவோம்.

ஆபீஸ் அறையில தொண்டர்களுக்கு மைலோ கலக்க ஒரு தம்பி மின்சாரக் கெட்டிலை எடுத்துட்டு வந்தான். சுவர்ல சொக்கெட் காலி இல்ல. கீழே யூ.பி.எஸ். பெட்டியில ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு. அதுல செருகினான். அவன் மேல தப்பே இல்ல, அங்க யாரும் எழுதி ஒட்டல. எங்க யூ.பி.எஸ். தாங்குறது 600 வாட். அந்த மாதிரி கெட்டில் 1,800 வாட்டுக்குக் குறையாது. அடுத்த நொடி யூ.பி.எஸ். கூவிட்டு அணைஞ்சது. அதுலதான் ரெண்டு சுவிட்சும், கேமரா ரெக்கார்டரும் இருந்துச்சு.

ரெண்டு பெட்டி, ஆனா ஒரே பிளக். ஒன்னு போனா இன்னொன்னு தாங்கும்னு சொன்னேனே, ரெண்டும் ஒரே மூச்சுல போச்சு.

கெட்டிலை எடுத்துட்டு தம்பி திரும்ப யூ.பி.எஸ்.ஸைப் போட்டான். சுவிட்ச் எழுந்திரிக்கச் சில நிமிஷம் ஆகும். எழுந்திரிச்சுச்சு. ஆனா கேமரா ஒன்னும் வரல. காரணம் கேட்டா வெட்கமா இருக்கு. திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் கேமராவை எல்லாம் தனி வழியில பிரிச்சு செட்டிங் மாத்தினேன். மாத்தினதை சேவ் பண்ணல. சுவிட்ச்ல நாம தட்டுறது அந்த நேரத்துக்கு வேலை செய்யும், ஆனா சேவ் பண்ணலன்னா கரண்ட் போனதும் மறந்துடும். பழைய செட்டிங்கோட எழுந்துச்சு. ரெக்கார்டர் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம்.

பாஸ்வர்ட் யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும். நான் எங்க இருந்தேன்? தீக்குழி பக்கத்துல, கயித்தைப் பிடிச்சுக் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு. உறுமிச் சத்தத்துல போன் கேட்கவே இல்ல. 11 மிஸ்டு கால். ஒருத்தன் ஓடி வந்து தோளைத் தொட்டு இழுத்துக்கிட்டு வந்தப்ப 45 நிமிஷம் போயிருந்துச்சு. அந்த 45 நிமிஷத்துலதான் பாட்டி வெளியே போனாங்க. நான் செட்டிங்கைச் சரி பண்ணி 16 கேமராவையும் கொண்டு வந்தேன். ஆனா அவங்க போன நேரத்துக்குப் பதிவே இல்ல.

தொண்டர்கள் நாலு பக்கமும் மோட்டார்ல தேடினாங்க. பக்கத்துல பெரிய ரோடு, லாரி ஓடுற ரோடு. அந்த மக முகத்தைப் பார்க்க முடியல. அப்பத்தான் எங்க பழைய தண்டல், வயசு 80-க்கு மேல, நாற்காலியில இருந்து எழுந்து சொன்னார்: "அவ எங்கயும் போயிருக்க மாட்டா. வீட்டுக்குத்தான் போயிருப்பா." எந்த வீடு? "நாலாம் லயம். இப்ப தாமான்ல கடை வரிசை இருக்கே, அங்கதான் இருந்துச்சு."

போய்ப் பார்த்தா, மூடியிருந்த கடை முன்னாடி படிக்கட்டுல பாட்டி உட்கார்ந்திருந்தாங்க. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சிருந்தாங்க. "கதவு பூட்டியிருக்கு, சாவி யார்கிட்ட?"னு கேட்டாங்களாம். காணாமப் போய் ஒன்னேகால் மணி நேரம். அம்மன் புண்ணியத்துல ஒன்னும் ஆகல. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் கம்பெனித் தம்பிகிட்ட முழுக்கச் சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். "பாங், கே.எல்.ஐ.ஏ.வுக்கே வந்துச்சே"ன்னான். உண்மைதான். 2019 ஆகஸ்ட் 21 ராத்திரி கே.எல்.ஐ.ஏ.வுல நெட்வொர்க் விழுந்துச்சு. செக்-இன் கவுண்டர், விமான நேரம் காட்டுற திரை, பயணப்பெட்டி அனுப்புற சிஸ்டம், வைஃபை எல்லாம் பாதிப்பு. ஊழியர்கள் வெள்ளைப் பலகையில கையால விமான நேரம் எழுதி வெச்சாங்க. முக்கியமான நெட்வொர்க் சுவிட்சுகளை மாத்தி நிலைமையைச் சரிப்படுத்த சில நாள் ஆச்சு. அவ்வளவு பெரிய விமான நிலையத்துக்கே கடைசியில கை கொடுத்தது ஒரு பலகையும் மார்க்கர் பேனாவும். எனக்கு அது ஆறுதல் இல்ல, பாடம்.

அந்தத் தம்பி ஒரு சனிக்கிழமை எங்க கோயிலுக்கே வந்து உட்கார்ந்து சரி பண்ணிக் கொடுத்தான். காசு வாங்கல. அன்னதானத்துல சாப்பிட்டுட்டுப் போனான். நாங்க செஞ்சதை வரிசையா எழுதறேன், மத்த கோயில்காரங்களுக்கும் உதவும்.

1. கரண்ட். ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி யூ.பி.எஸ். ரெண்டு யூ.பி.எஸ்.ஸும் டி.பி. பெட்டியில வேற வேற பிரேக்கர். காலி ஓட்டையை டேப் போட்டு மூடிட்டோம். கேமராவுக்கும் சேர்த்துக் கணக்குப் போடணும். பழைய கணக்குப்படி ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் கொடுக்கும். 24 போர்ட்டும் முழுசா இழுத்தா 370 வாட் கிட்ட வரும்.

2. அடுக்குக் கேபிள். நான் ஒன்னுதான் போட்டிருந்தேன். ரெண்டு பெட்டின்னாலும் ரெண்டு கேபிள் போட்டாத்தான் வளையம். இல்லன்னா, அந்த ஒன்னு கழண்டதும் ரெண்டு பெட்டியும் "நான்தான் தலைவர்"னு சொல்லும். ஒரே விலாசம், ரெண்டு தலைவர். ஒரே கோயிலுக்கு ரெண்டு நிர்வாகம், ரெண்டு ரசீதுப் புத்தகம் இருந்தா என்ன ஆகும்னு நம்ம நாட்டுல நான் விளக்கவே வேணாம்.

3. தலைவர் யார்னு நாமே எழுதணும். ஒன்னுக்கு 15, இன்னொன்னுக்கு 14. பெட்டி மேல பெரிசா எழுதி ஒட்டியாச்சு.

4. ரெக்கார்டர். அதுல ரெண்டு கேபிள் ஓட்டை இருக்கு. முன்னாடி ரெண்டும் மேல் பெட்டிக்கே போச்சு. இப்ப ஒன்னு மேலே, ஒன்னு கீழே. ரெண்டையும் ஒரே கயிறு மாதிரி சேர்த்து செட்டிங் பண்ணியிருக்கு. ஒன்னு அறுந்தா இன்னொன்னு இழுக்கும். எந்தப் பெட்டி செத்தாலும் ரெக்கார்டர் உயிரோட இருக்கும். இப்படி செட்டிங் பண்ணாம சும்மா ரெண்டு கேபிளைக் குறுக்கும் நெடுக்குமாப் போட்டா தகவல் சுத்திச் சுத்தியே நெட்வொர்க் நெரிஞ்சு நின்னுடும். அதைத் தடுக்க 1985-லேயே ரேடியா பெர்ல்மன்னு ஒரு அம்மா ஸ்பானிங் ட்ரீன்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அதை அணைச்சு வைக்காதீங்க.

5. கேமரா. இதுதான் எனக்குப் பிடிச்ச யோசனை. கேமராவுக்கு ஒரே கேபிள்தான், ரெண்டு பெட்டிக்கும் போட முடியாது. அதனால ஒரு வாசல்ல ரெண்டு கேமரா இருந்தா ஒன்னு மேல் பெட்டி, ஒன்னு கீழ்ப் பெட்டி. ஒரு பெட்டி செத்தா பாதிக் கேமரா போகும். ஆனா எந்த வாசலும் முழுக்க இருட்டாகாது. பின்வாசல்ல ஒரு கேமராதான் இருந்துச்சு, பாட்டி போனது அந்த வழியாத்தான் இருக்கணும். இன்னொன்னு வாங்கிப் போட்டோம்.

6. சேவ். எதை மாத்தினாலும் உடனே சேவ். ஒரு பிரதி பென்டிரைவ்ல, ஆபீஸ் அலமாரியில.

7. அடுக்கு ரெண்டு உடம்பா இருந்தாலும் மூளை ஒன்னுதான். அதனால சாஃப்ட்வேர் ரெண்டுலயும் ஒரே வெர்ஷனா இருக்கணும். அதைப் புதுசு பண்ணும்போது அனேகமா ரெண்டும் சேர்ந்தே அணைஞ்சு எழும். திருவிழா வாரத்துல அதைத் தொடவே கூடாது.

எல்லாம் முடிச்சதும் தம்பி என்னைப் பார்த்து, "இப்ப பிளக்கைப் பிடுங்குங்க"ன்னான். எனக்குக் கை நடுங்குச்சு. நல்லா ஓடுறதை யாராவது பிடுங்குவாங்களா? எங்க பொருளாளரும் அதையேதான் கேட்டார். "ஓடுதுல்ல, ஏன் கை வைக்கிற?" நான் சொன்னேன், "ஐயா, ஆள் இல்லாத சனிக்கிழமையில பிடுங்கினா நமக்குத் தெரியும். தீமிதி அன்னிக்குத் தானா பிடுங்கிக்கிட்டா ஊருக்கே தெரியும்."

தலைவர் பெட்டியோட பிளக்கைப் பிடுங்கினேன். திரையில கிட்டத்தட்ட பாதிப் படம் கறுப்பாச்சு. மீதி ஒரு நொடி உறைஞ்சு, அப்புறம் ஓடுச்சு. கோபுர வாசல் தெரிஞ்சுச்சு, பின்வாசல் தெரிஞ்சுச்சு. பொருளாளர் ஒன்னும் பேசல. ரெண்டாவது யூ.பி.எஸ். பில்லுல மறுநாள் கையெழுத்துப் போட்டார். இப்ப மாசத்துக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு அடுத்த நாள், பிடுங்கிப் பார்க்கிறோம். நோட்டுல தேதி, கையெழுத்து.

ஆனா பெட்டியைச் சரி பண்ணினது பாதி வேலைதான். மீதிப் பாதி நான். பாஸ்வர்ட் என் தலைக்குள்ள மட்டும் இருந்துச்சே. கோயில் வேலையில நமக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. "அதெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும்"னு சொன்னா நமக்கு உள்ளுக்குள்ள குளிரும். எனக்கும் குளிர்ந்துச்சு, அதனாலதான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கல. இப்ப கல்லூரியில படிக்கிற ஒரு தங்கச்சிக்கும், டெக்னீஷியனா இருக்கிற ஒரு தம்பிக்கும் எல்லாம் சொல்லிக் கொடுத்தாச்சு. போன மாசம் பிளக்கைப் பிடுங்கினப்ப நான் வேணும்னே வீட்டுல இருந்தேன். அந்தத் தங்கச்சி தனியாவே பார்த்துக்கிச்சு. பாஸ்வர்ட் கவர்ல போட்டு, அரக்கு வெச்சு, தலைவர் அலமாரியில இருக்கு.

சின்ன வயசுல எங்கப்பா காய்ச்சல்ல படுத்தா, கங்காணி எங்கம்மாவைத்தான் அப்பாவோட நெரைக்கு அனுப்புவார். அம்மாவுக்கு எந்த மரம் எந்த மேட்டுல இருக்குன்னு இருட்டுலயே தெரியும். ஏன்னா, அதுக்கு முன்னாடி எத்தனையோ நாள் அப்பா கூடவே அந்த நெரையில நடந்திருக்காங்க. நெரையே தெரியாத ஆளை அனுப்பினா அன்னிக்குப் பால் பாதிதான் வரும்.

இன்னொன்னும் செஞ்சோம். பழைய தண்டலை உட்கார வெச்சு, எந்த லயம் எங்க இருந்துச்சு, ஆஸ்பத்திரி எங்க, பெரட்டுக் களம் எங்கன்னு கேட்டு, இப்ப இருக்கிற தாமான் வரைபடத்து மேல குறிச்சு வெச்சோம். அது ஆபீஸ் சுவர்ல தொங்குது. பக்கத்துல ஒரு வெள்ளைப் பலகை, மார்க்கர், தொண்டர் போன் நம்பர், ஒரு கை ஒலிபெருக்கி. கேமரா எல்லாமே போனாலும் வேலை நிக்கக் கூடாது.

போன வாரம் கிள்ளான்ல இருந்து அந்த மக போன் பண்ணாங்க. "அண்ணே, அம்மா திருவிழா எப்பன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இந்த வருஷமும் கூட்டிட்டு வரலாமா?"

ஒரு நிமிஷம் பேச்சு வரல. அப்புறம், "வாங்கம்மா. கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னேன். போனை வெச்சிட்டு நேரா ஆபீஸுக்குப் போய், மாசக் கணக்குல இல்லாட்டியும், இன்னொரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன்.

உங்க கோயில்லயும் ரெண்டு பெட்டி இருக்கலாம், பச்சை லைட் எரியலாம். திருவிழாவுக்கு முன்னாடி ஒரு தடவை பிடுங்கிப் பாருங்க. எப்படிச் செய்யணும்னு தெரியலன்னா கமெண்ட்ல கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். இந்த வேலை நல்லாத் தெரிஞ்சவங்க, நான் எழுதினதுல தப்பு இருந்தா திருத்துங்க.